ஆகஸ்ட் 15 அன்று நடந்த பாட்டுக் கதைகள்: மைக் செட்டுக்கு ஒரு வரிசை வேண்டும்

சத்துவாச்சாரி_செயலாளர்

வணக்கம் மக்களே. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஆகஸ்ட் 15 காலையில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, மைக் செட்டில் பாட்டுப் போடுவது வழக்கம். மைக் செட்காரர் கொண்டுவரும் பென் டிரைவில் எப்போதும் அதே ஏழெட்டுப் பாட்டுதான். அடுத்து எது வரும் என்று தெருப் பிள்ளைகளே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். இந்த வருஷம் வரிசையை நானே போட்டுத் தருகிறேன் என்று கூட்டத்தில் வாயை விட்டுவிட்டேன்.

தேசபக்திப் பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆகஸ்ட் 15 என்ற தேதியில் பாட்டு உலகத்தில் நடந்த ஏதாவது ஒன்றோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மைக்கில் இரண்டு வரி சொல்லிவிட்டுப் போடுவேன். முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது 1992-ல் ‘ரோஜா’ வெளியானது ஒன்றுதான். மற்றதை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

கேசட்_கடைக்காரர்

ரோஜா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை செயலாளரே.

அப்போது லாங் பஜார் பக்கம் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். ஆட்கள் ஒரு துண்டுத் தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிஷ டேப்பா 90-ஆ என்று கேட்டு வாங்கி வைத்து, சாயங்காலம் பதிய ஆரம்பிப்போம். சீக்கிரம் முடிய வேண்டும் என்பதால் டபுள் டெக்கில் ஹை ஸ்பீடு டப்பிங்தான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பாட்டு முழுசாக இருக்கிறதா, கடைசியில் டேப் தீர்ந்து பாதியில் நின்றுவிடவில்லையே, அவ்வளவுதான் பார்ப்பார்கள்.

ரோஜா வந்த பிறகுதான் முதல் தடவையாக “அண்ணே, நார்மல் ஸ்பீடில் போட்டுக் கொடுங்க, ஹை ஸ்பீடில் போட்டா அந்த கீழ் சத்தம் போயிடுது” என்று ஒரு பாலிடெக்னிக் பையன் கேட்டான். அதற்கப்புறம் எல்லாரும் அதையே கேட்டார்கள். கடை ஸ்பீக்கரில் பேஸ் குமிழை வழக்கமான இடத்தில் வைத்து ‘சின்னச் சின்ன ஆசை’ போட்டால் கோன் படபடவென்று அடித்துக்கொள்ளும். குறைத்து வைத்தால் பாட்டு சப்பென்று இருக்கும். நடுவில் ஒரு இடம் பிடித்து, அந்த இடத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு பொட்டு வைத்தேன். ரகுமானுக்கு அப்போது 25 வயது. கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த தன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்த வேலை, இங்கே என் ஆம்ப்ளிஃபயரில் குமிழ் இருக்கும் இடத்தை மாற்றிவிட்டது. பாட்டு நல்ல பாட்டா என்பது வேறு விஷயம். ஒலியைக் காது கொடுத்துக் கேட்கிற வழக்கம் நம் கடைத்தெருவுக்கு வந்தது அப்போதுதான் என்பேன்.

உங்கள் விழாவுக்கு அதில் ‘தமிழா தமிழா’ போடுங்கள். ஹரிஹரன் தமிழில் பாட ஆரம்பித்தது அந்தப் பாட்டில்தான்.

காட்பாடி_ஜங்ஷன்

ஒரு சின்னத் திருத்தம். 1992 ஆகஸ்ட் 15 சனிக்கிழமை, படம் அன்றைக்கு வந்தது, சரி. ஆனால் அந்தக் காலத்தில் படத்துக்கு முன்னாலேயே கேசட் கடைக்கு வந்துவிடுமே? அப்படியென்றால் அது படத்தின் தேதி, பாட்டின் தேதி ஆகாது. செயலாளர் முதலில் விதியைத் தெளிவாக வைக்க வேண்டும். பாடிய நாளா, பதிந்த நாளா, வெளியான நாளா?

ஆற்காடு_மக்கன்பேடா

ஜங்ஷன் சார் வந்துவிட்டார், இனி ஒவ்வொரு பாட்டுக்கும் டிக்கெட் பரிசோதனை நடக்கும்.

சத்துவாச்சாரி_செயலாளர்

சார், கொடியேற்றத்துக்கு வரும் ஜனங்கள் அவ்வளவு கேட்க மாட்டார்கள். அன்று மேடையில் பாடியிருந்தாலும் சரி, வானொலியிலோ டிவியிலோ வந்திருந்தாலும் சரி, அந்தப் பாட்டு இருக்கும் படம் அன்று வெளியாகியிருந்தாலும் சரி, எடுத்துக்கொள்கிறேன்.

ராஜா_மட்டும்தான்

விதி அப்படியென்றால் ரோஜாவுக்கு முன்னால் ஒரு படம் இருக்கிறது. ‘மௌன ராகம்’, 1986 ஆகஸ்ட் 15. அதே மணிரத்னம், அதே தேதி, ஆறு வருஷம் முன்னால். இசை யார் என்று சொல்லத் தேவையில்லை. பாட்டு அத்தனையும் வாலி. எஸ்.பி.பி. பாடிய ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ ஒன்றை மட்டும் கேளுங்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்பு வரும் கிட்டாரும், அது முடிகிற இடத்தில் குரல் உள்ளே நுழைகிற விதமும்... எழுதினால் நீளும். ஒலியைக் காது கொடுத்துக் கேட்கும் வழக்கம் 1992-ல் வந்தது என்று கடைக்கார அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கும் மேலாக நாம் என்ன கேட்டுக்கொண்டிருந்தோம்?

ஆற்காடு_மக்கன்பேடா

அண்ணா, அந்தப் படத்தில் கல்யாணம் ஆன கையோடு புருஷன் என்ன பரிசு வேண்டும் என்று கேட்க, பெண் விவாகரத்து கேட்பாள். சுதந்திர தினத்துக்குப் பொருத்தம்தான், ஆனால் சங்கத் தலைவர் வீட்டம்மாவும் மைக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருப்பார்கள்?

ராஜா_மட்டும்தான்

சிரிங்க சிரிங்க. 1992-க்கான இசையமைப்பாளர் தேசிய விருதில் ஒரு பக்கம் ‘ரோஜா’, இன்னொரு பக்கம் ‘தேவர் மகன்’. ஓட்டு சமமாக வந்து, நடுவர் குழுத் தலைவராக இருந்த பாலு மகேந்திரா போட்ட ஓட்டில்தான் ரகுமானுக்குப் போனது. அந்த பாலு மகேந்திரா யார்? ராஜா சாரிடமே திரும்பத் திரும்பப் போய்ப் படம் படமாக எடுத்தவர்.

கேசட்_கடைக்காரர்

அதனால்தானே அந்த ஓட்டுக்கு மதிப்பு தம்பி? பழகிய மனிதரை விட்டுவிட்டு முதல் படம் செய்த பையனுக்குப் போட்டார் என்றால் என்ன கேட்டிருப்பார் என்று யோசியுங்கள்.

ராஜா_மட்டும்தான்

யோசித்ததால்தான் சொல்கிறேன். ‘தேவர் மகன்’ இன்றைக்கும்

மட்டுறுத்துநர்

ராஜா–ரகுமான் சண்டைக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அதில் இப்போது 41-ஆவது பக்கம் ஓடுகிறது. அங்கே போங்கள். இங்கே ஆகஸ்ட் 15 மட்டும்.

சுருதிப்பெட்டி

குடியாத்தத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். வேலூர்க்காரர்கள் இத்தனை பேர் பேசியும் வேலூர்ப் பெண்ணை ஒருவரும் நினைக்கவில்லையே என்று ஆச்சரியம்.

‘அபூர்வ ராகங்கள்’, 1975 ஆகஸ்ட் 15. கே. பாலசந்தர் படம், எம்.எஸ்.வி. இசை, கண்ணதாசன் பாட்டு. ரஜினிகாந்த் முதன்முதலில் திரையில் வந்ததால் எல்லாரும் அந்தத் தேதியை அவர் கணக்கில் எழுதிவிட்டார்கள். எனக்கு அது வாணி ஜெயராமின் தேதி. 1945 நவம்பர் 30 அன்று நம் வேலூரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் கலைவாணி. அந்தப் படத்தில் ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ பாடித்தான் தன் முதல் தேசிய விருதை வாங்கினார். அப்புறம் ‘சங்கராபரணம்’, ‘சுவாதி கிரணம்’ என்று இன்னும் இரண்டு.

பந்துவராளியில் எடுத்து ராகம் மாறிக்கொண்டே போகும் பாட்டு அது. மேடையில் பாடும் பிள்ளைகள் ராகம் மாறும் இடங்களில் ஒரு கணம் நின்று, கால் வைக்க இடம் பார்த்து, பிறகுதான் போவார்கள். வாணி அம்மா நிற்கவே மாட்டார். முந்தின ராகத்தின் கடைசி எழுத்து வாயில் இருக்கும்போதே அடுத்ததற்குள் போய்விட்டிருப்பார். கேட்கிறவருக்கு மாறியதே தெரியாது, மனநிலை மாறியது மட்டும் தெரியும். கர்நாடக சங்கீதம் ஆழமாகக் கற்று, கல்யாணத்துக்குப் பிறகு பம்பாய் போய் பட்டியாலா கரானா என்ற பாட்டுப் பரம்பரையின் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டவர். பாரத ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தவர் வேறு. வசந்த் தேசாய் இசையில் இந்திப் படம் ‘குட்டி’க்கு 1971-ல் பாடிய ‘போலே ரே பப்பீஹரா’வில் வடக்கே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

‘அபூர்வ ராகங்கள்’ படத்திலேயே யேசுதாஸ் பாடிய ‘அதிசய ராகம்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பாலமுரளிகிருஷ்ணா உண்டாக்கிய மகதி ராகம். ச, க, ப, நி என்று நாலே சுரம். அந்த நாலை வைத்துக்கொண்டு எம்.எஸ்.வி. பாட்டைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போய், முடிவில் கண்ணதாசன் ‘பைரவி’ என்ற சொல்லை வைத்த இடத்தில் பைரவி ராகத்துக்குள்ளேயே இறக்கிவிடுவார். கதாநாயகியின் பெயரும் பைரவி. பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால்தான் இப்படி வரும்.

பாலாற்றங்கரை

டீச்சர், சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவர் வேலூரில் பிறந்ததோடு சரி. பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் சென்னை. நாம் சொந்தம் கொண்டாடுவது கொஞ்சம் அதிகம் இல்லையா?

சுருதிப்பெட்டி

பம்பாய்க்காரர்கள் கொண்டாடுகிறார்கள், தெலுங்குக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். பிறந்த ஊர் கொண்டாடினால் மட்டும் அதிகமா? 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள், பிப்ரவரி 4 அன்று போய்விட்டார். கையில் வாங்கக்கூட இல்லை. நம் ஊரில் ஒரு கொடியேற்றத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டு அவர் பாட்டைப் போடுவதற்கு இவ்வளவு யோசனையா?

பாலாற்றங்கரை

போடட்டும் போடட்டும். நான் எங்கே வேண்டாம் என்றேன்.

காட்பாடி_ஜங்ஷன்

அபூர்வ ராகங்கள் வெளியான தேதி 18 என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கேள்வி வரும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். 1975 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை, கூடவே அரசு விடுமுறை. 18 திங்கட்கிழமை. வெள்ளியையும் விடுமுறையையும் விட்டுவிட்டு எந்தத் தயாரிப்பாளர் திங்கட்கிழமை படத்தை விடுவார்? 15 என்றே மைக்கில் சொல்லுங்கள்.

இன்னொன்று. ‘ரோஜா’வைத் தயாரித்தது பாலசந்தரின் கவிதாலயா. ஆக 1975-ல் ரஜினியைக் கொண்டு வந்த ஆகஸ்ட் 15-க்கும், 1992-ல் ரகுமானைக் கொண்டு வந்த ஆகஸ்ட் 15-க்கும் பின்னால் ஒரே ஆள். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்தால் செயலாளருக்கு அறிவிப்பு சுலபம்.

வாணியம்பாடி_பாய்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். 1975 ஆகஸ்ட் 15 என்று சொல்லிவிட்டு ‘ஷோலே’யைச் சொல்லாமல் போனால் எங்கள் ஊரில் சோறு போட மாட்டார்கள். அதே வெள்ளிக்கிழமைதான் அதுவும். ஆர்.டி. பர்மன் இசை, ஆனந்த் பக்ஷி பாட்டு.

எங்கள் வீட்டில் அப்போது பெரியவர்கள் தோல் வியாபாரம். பெங்களூருக்கு லோடு போனால் கூடவே மாமா போவார். திரும்பி வரும்போது படம் பார்த்த கதையோடு வருவார். படம் எடுத்த ராமநகரத்துப் பாறைகள் பெங்களூரைத் தாண்டினால் வந்துவிடும், அதனால் அது ஏதோ நம் பக்கத்துப் படம் என்கிற மாதிரியே பேசுவார். படத்தின் வசனத்தையே பாலிடார் கம்பெனி இசைத்தட்டாகப் போட்டது. பாட்டு இசைத்தட்டைவிட எங்கள் தெருவில் அதுதான் அதிகம் ஓடியது. உருது தெரிந்த பெரியவர்கள் முதல் தமிழ் மட்டும் தெரிந்த டீக்கடைப் பையன் வரை வில்லன் கப்பர் சிங் வசனத்தை அட்சரம் பிசகாமல் சொல்வார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் படத்துக்காக ஒரு கவ்வாலி பதிவு செய்தார்கள். கிஷோர் குமார், மன்னா டே, பூபிந்தர் சிங், கூட ஆனந்த் பக்ஷியே உட்கார்ந்து பாடியது. படம் நீளம் என்று அதை வெட்டிவிட்டார்கள். முஷாயிரா என்கிற உருதுக் கவியரங்கமும் கவ்வாலியும் கேட்டு வளர்ந்த ஊருக்கு இதைவிட அநியாயம் உண்டா? சரி, விழாவுக்குக் கவ்வாலி வேண்டாம். கிஷோரும் மன்னா டேயும் சேர்ந்து பாடிய ‘யே தோஸ்தி’ போடுங்கள். இந்தி தெரியாதவர்களும் கைதட்டுவார்கள்.

ஆற்காடு_மக்கன்பேடா

பாய், கவ்வாலியை இசைத்தட்டில் கேட்டிருக்கிறீர்களா? படத்தில் இல்லாவிட்டாலும் பாட்டு இருக்கிறது இல்லையா?

வாணியம்பாடி_பாய்

இருக்கிறது. கேட்டு மனப்பாடமே ஆகிவிட்டது. படத்தில் எந்த இடத்தில் வந்திருக்கும் என்று யோசிப்பதுதான் இன்னும் தீரவில்லை.

பாகாயம்_பழசு

நான் வேறு பக்கம் போகிறேன், மன்னிக்கவும். பாகாயத்தில் வேலை பார்த்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகும் இசைத்தட்டுகளில் வளர்ந்த காது என்னுடையது.

1965 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் ஷே ஸ்டேடியம். பீட்டில்ஸ் நாலு பேரும் மைதானத்தின் நடுவே ஒரு மேடையில். பார்க்க வந்தவர்கள் 55,600 பேர். அதற்கு முன்னால் இத்தனை கூட்டத்துக்கு நடுவில் ஒரு பாட்டுக் கச்சேரி நடத்தலாம் என்று யாரும் துணிந்ததில்லை. வசூல் 3 லட்சத்து 4 ஆயிரம் டாலர். இன்றைக்கு ஸ்டேடியம் கச்சேரி என்று நாம் சொல்வதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால் அன்று பாட்டு யாருக்குமே கேட்கவில்லை. வாக்ஸ் கம்பெனி அந்தப் பயணத்துக்காகவே 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் செய்து கொடுத்திருந்தது. குரலுக்கு, பேஸ்பால் ஆட்டத்தில் ஆட்டக்காரர் பெயரை அறிவிக்க வைத்திருந்த ஸ்டேடியத்தின் சொந்த ஒலிபெருக்கி. நம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவில் ஒரு தெருமுனைக்குக் கட்டுகிற பெட்டிகள்கூட அதைவிடப் பெரிசு. பெண்பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாடுகிறவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. மொத்தம் 12 பாட்டு, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். கடைசிப் பாட்டில் ஜான் லெனன் முழங்கையாலேயே ஆர்கன் கட்டைகளை மேலும் கீழும் இழுத்து விளையாடினார். எப்படியும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு அப்படித்தானே தோன்றும்? இதைப் படமாக எடுத்து, பிறகு 1966 ஜனவரியில் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் உட்கார்ந்து பல இடங்களில் மறுபடி வாசித்துச் சேர்த்தார்கள். படத்தில் நாம் கேட்பது முழுக்க அன்றைய ஒலி இல்லை.

நாலு வருஷம் கழித்து அதே தேதி, 1969, வெள்ளிக்கிழமை: அமெரிக்காவில் வுட்ஸ்டாக் இசை விழா. மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால் பண்ணை நிலம். நாலு லட்சம் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். சாலையெல்லாம் அடைத்துக்கொண்டதில் பாட வேண்டியவர்களே வந்து சேர முடியவில்லை. வந்திருந்த ரிச்சி ஹேவன்ஸை முதலில் ஏற்றிவிட்டார்கள். அவர் தெரிந்த பாட்டெல்லாம் பாடித் தீர்த்து, இன்னும் பாடு இன்னும் பாடு என்று மேடைக்குப் பின்னாலிருந்து சொல்ல, ‘சுதந்திரம்’ என்ற பொருளுள்ள ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அங்கேயே ஒரு பாட்டைக் கட்டினார். அது ஒரு பழைய கறுப்பின மக்கள் பாட்டோடு போய்ச் சேர்ந்தது. அவர் அதன் பிறகு எத்தனை பாடினாலும் ஜனங்கள் கேட்டது அதைத்தான்.

இப்போது நம் ஆள். ரிச்சி ஹேவன்ஸுக்கு அடுத்து மேடையில் காவி உடையில், நீண்ட தாடியோடு உட்கார்ந்து அந்த லட்சக்கணக்கான பேருக்கு ஆசி சொன்னவர் சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் பிறந்த தமிழர். ராத்திரி மழைக்கு நடுவில் ரவிசங்கர் சிதார், அல்லா ரக்கா தபலா. ரவிசங்கருக்கு அந்தக் கூட்டம் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று பிறகு அவரே வெளிப்படையாகச் சொன்னார். சங்கீதம் கேட்க வந்தவர்கள் போல அவர்கள் இல்லை என்பது அவர் வருத்தம்.

காட்பாடி_ஜங்ஷன்

பழசு சார், அருமை. ஆனால் ரிச்சி ஹேவன்ஸ் மேடை ஏறியது அங்கே மாலை 5 மணிக்கு மேல். கோடைக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம். இங்கே 16-ந் தேதி அதிகாலை இரண்டரை ஆகியிருக்கும். ஷே ஸ்டேடியமும் ராத்திரிக் கச்சேரி, நமக்கு 16-ந் தேதி காலை.

பாகாயம்_பழசு

ஐயா, நீங்கள் ரயில்வேயில் இருந்தீர்களா, பஞ்சாங்கம் கணித்தீர்களா?

சத்துவாச்சாரி_செயலாளர்

நடந்த இடத்துத் தேதிதான் கணக்கு. தீர்ப்பு சொல்லியாச்சு. ஆனால் பழசு சார், எங்கள் சங்கத்தில் பெரும்பாலும் பழைய மிலிட்டரிக்காரர்கள். பீட்டில்ஸ் போட்டால் ஏதோ தப்பாக ஓடுகிறது என்று நிறுத்தச் சொல்வார்கள். சச்சிதானந்தா விஷயத்தை மட்டும் மைக்கில் சொல்லி, ரவிசங்கர் வாசித்ததில் இரண்டு நிமிஷம் போடட்டுமா?

பாகாயம்_பழசு

இரண்டு நிமிஷத்தில் அவர் ஆலாபனைக்கு உட்காரக்கூட மாட்டார். போடுவதானால் கடைசி வேகப் பகுதியைப் போடுங்கள், தபலாவோடு. மிலிட்டரிக்காரர்கள் அதற்குத் தலையாட்டுவார்கள்.

பாலாற்றங்கரை

லதா மங்கேஷ்கர் பாடி நேருவைக் கண்கலங்க வைத்த பாட்டு இருக்கிறதே, அதுவும் ஆகஸ்ட் 15-தானே?

காட்பாடி_ஜங்ஷன்

இல்லை. 1963 ஜனவரி 27, டெல்லி. சீனப் போர் முடிந்த பிறகு குடியரசு தினத்தை ஒட்டி நடந்தது. இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை, ஜனவரி 26-க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதிப்பெட்டி

முதல் பாட்டு எதுவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1947-ல் சுதந்திரம் வந்த அந்த இரவு சென்னை வானொலியில் டி.கே. பட்டம்மாள் பாரதி பாட்டு பாடினார். அப்போது இந்தியாவில் அகில இந்திய வானொலிக்கு மொத்தமே 6 நிலையங்கள், அதில் தமிழுக்குச் சென்னையும் திருச்சியும். வேலூரில் ரேடியோ வைத்திருந்தவர்கள் வீட்டு வாசலில் தெருவே நின்றிருக்கும்.

‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’. இந்தப் பாட்டில் என்னை எப்போதும் பிடித்து நிறுத்துவது அதன் காலக்கணக்கு. ‘ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோமென்று’ என்று எழுதிய பாரதி 1921-லேயே போய்விட்டார். பட்டம்மாள் அதைப் பாடி, சின்னப் பெண் கமலா ஆடி, ஏ.வி.எம். ‘நாம் இருவர்’ படத்தில் வந்தது 1947 தொடக்கத்தில், அப்போதும் வெள்ளைக்காரன் இங்கேதான் இருந்தான். அடைந்துவிட்டோம், அடைந்துவிட்டோம் என்று முன்கூட்டியே பாடிக்கொண்டிருந்த பாட்டு, அந்த ஆகஸ்டில்தான் நிஜமானது. அந்தப் பாட்டைப் பாட, மேடையில் அடக்கி ஒடுக்கிப் பாடுகிற குரல் போதாது. பட்டம்மாள் குரலில் ஒரு கனம் உண்டு, மேல் சுரத்துக்குப் போகும்போதும் மெலியாது. என் மாணவிகளிடம் சொல்வேன், “இனிமையாப் பாடாதே, நிமிர்ந்து பாடு” என்று.

ராஜா_மட்டும்தான்

டீச்சர் சொன்னதற்கு மறுபேச்சே இல்லை. முதல் பாட்டு அதுதான்.

கேசட்_கடைக்காரர்

1988-ஐ எல்லாரும் விட்டுவிட்டீர்களே. ஆகஸ்ட் 15 காலை, செங்கோட்டையில் ராஜீவ் காந்தி பேசி முடித்ததும் தூர்தர்ஷனில் முதல் தடவையாக ‘மிலே சுர் மேரா தும்ஹாரா’ வந்தது. பீம்சேன் ஜோஷி தொடங்கி லதா முடிக்கிறது. நடுவில் பாலமுரளிகிருஷ்ணா தமிழில் பாடும்போது பக்கத்தில் கமல். எங்கள் தெருவில் டிவி இருந்த வீட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். இந்திப் பேச்சு முடிந்துவிட்டது என்று எழுந்த ஆட்கள், தமிழ் வரி வந்ததும் அப்படியே பாதி எழுந்த நிலையில் நின்றுவிட்டார்கள். டெல்லி ஒளிபரப்பில் தமிழ் வருவதே அபூர்வமான காலம். அடுத்த நாளே கடைக்கு வந்து அந்தப் பாட்டைக் கேசட்டில் கேட்டார்கள். டிவி முன்னால் டேப்ரிகார்டரை வைத்துப் பதிந்து, பிரஷர் குக்கர் விசிலோடு கொடுத்தேன். அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சுருதிப்பெட்டி

அது இந்துஸ்தானி பைரவி. நம் சிந்துபைரவிக்குச் சொந்தம். மேலே நான் சொன்ன ‘அதிசய ராகம்’ முடிவில் வரும் பைரவி கர்நாடக பைரவி, இரண்டும் வேறு வேறு. செயலாளர் மைக்கில் இரண்டும் பைரவி என்று சொல்லிவிட வேண்டாம், கேட்கிறவர்களில் ஒருவராவது பாட்டு வாத்தியாராக இருப்பார்.

ஆற்காடு_மக்கன்பேடா

1997-ல் ரகுமான் செய்த ‘வந்தே மாதரம்’ ஆல்பம்? அதில் ‘தாய் மண்ணே வணக்கம்’ இல்லாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

காட்பாடி_ஜங்ஷன்

சுதந்திரப் பொன்விழாவுக்காகவே அந்த ஆகஸ்டில் வந்தது. அனுமதிக்கலாம்.

ஆற்காடு_மக்கன்பேடா

ஜங்ஷன் சார் அனுமதித்துவிட்டார்! சரி, பாட்டு இல்லாத ஒரு தகவலும் சேர்க்கலாமா? நம் வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிப்பதாக அறிவித்ததும் 2019 ஆகஸ்ட் 15-தான். அந்த நவம்பரில் பிரித்த பிறகு நான் ராணிப்பேட்டை மாவட்டம், பாய் திருப்பத்தூர் மாவட்டம்.

வாணியம்பாடி_பாய்

அதனால்தான் ‘யே தோஸ்தி’ கேட்டேன் தங்கச்சி.

சத்துவாச்சாரி_செயலாளர்

எல்லாருக்கும் நன்றி. இப்படி வைத்திருக்கிறேன். தேசிய கீதம் நாங்களே பாடுவோம், ரெக்கார்டு கிடையாது. உடனே பட்டம்மாள். அடுத்து ‘மிலே சுர்’. பிறகு வாணி ஜெயராம், அறிவிப்பில் ‘நம் வேலூரில் பிறந்த’ என்று இரண்டு தடவை சொல்வேன். அதை ஒட்டி பாலசந்தர் தொடர்பைச் சொல்லி ‘தமிழா தமிழா’. மிட்டாய் கொடுக்கும்போது ‘யே தோஸ்தி’. சச்சிதானந்தா கதையும் ரவிசங்கரும் அப்புறம். கடைசியில் ‘தாய் மண்ணே வணக்கம்’, பிள்ளைகள் ஆடட்டும். ‘அதிசய ராக’த்தை நேரம் இருந்தால் சேர்ப்பேன்.

ராஜா_மட்டும்தான்

மௌன ராகம்?

சத்துவாச்சாரி_செயலாளர்

எல்லாரும் கலைந்து போகும்போது நாற்காலி மடக்குகிற நேரத்தில் ‘மன்றம் வந்த தென்றலுக்கு’. அப்போது தலைவர் வீட்டம்மா போயிருப்பார்கள்.

ராஜா_மட்டும்தான்

நாற்காலி மடக்குகிற சத்தத்தில் அந்த கிட்டார் கேட்காது. ஒரு ஐந்து நிமிஷம் பொறுத்து மடக்கச் சொல்லுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்

வரிசை சரியாக இருக்கிறது. அடுத்து யாராவது ஜூன் 24-க்கு ஓர் இழை தொடங்குங்கள். கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24, எம்.எஸ்.வி. பிறந்தது 1928 ஜூன் 24. இருவருக்கும் சரியாக ஒரு வருஷம்தான் வித்தியாசம்.

ராஜா_மட்டும்தான்

முதலில் ஜூன் 2 தொடங்க வேண்டும்.

காட்பாடி_ஜங்ஷன்

இளையராஜா பிறந்தது ஜூன் 3. கலைஞர் பிறந்தநாளும் 3 என்பதால் தன்னுடையதை ஒருநாள் முன்னால் தள்ளி 2-ந் தேதி கொண்டாடுகிறார். எந்தத் தேதியில் இழை தொடங்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

மட்டுறுத்துநர்

அதை இங்கே முடிவு செய்ய வேண்டாம்.